கொடுவாயன்

பழவேற்காடு படகுத்துறையில் நண்டுக் கூடையை இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் கண்ணப்பன் அந்தப் பெயரை முதல்முறையாகக் கேட்டான். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் ஐந்தாறு பேர் துறைப் படிக்கட்டில் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவன் இவனைப் பார்த்துக் கையை நீட்டி, "டேய், கொடுவாயன்டா!" என்று கத்தினான்.

கொடுவா மீன் கேட்கிறார்கள் என்று கண்ணப்பன் நினைத்துக்கொண்டான்.

"கொடுவா இல்ல கண்ணு. நண்டுதான் கீது," என்றான்.

அவ்வளவுதான். பிள்ளைகள் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். "பேசுறான்டா!" என்றாள் ஒருத்தி. பிறகு எல்லோருமாக ஓடிவிட்டார்கள். கண்ணப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தின் இடப்பக்கத்தை மூடிக் கழுத்தில் செருகிக்கொண்டு கூடையைத் தலையில் தூக்கி வைத்தான்.

அவனுக்கு ஐம்பது வயது. ஏரிக்கு அக்கரையில் தோணிரேவில் தனியாக ஒரு வீடு, தனியாக ஒரு படகு. இருபத்திமூன்று வருஷத்துக்கு முன்னால், கரையில் நிறுத்தியிருந்த படகின் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றும்போது தீப்பிடித்து, முகத்தின் இடது பாதி வெந்துபோனது. இடது காது ஒரு மொட்டுப்போல ஆகிவிட்டது. மேலுதடு மேலே இழுத்துக்கொண்டதால் பல்லும் ஈறும் எப்போதும் வெளியே தெரியும். இடது கண்ணில் இமை சரியாக மூடாது. உப்புக்காற்று அடித்தால் அந்தக் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருக்கும்.

மனைவி குணசுந்தரி ஒன்றரை வருஷம் இருந்து பார்த்தாள். காலையில் கண் விழித்து அவன் முகத்தைப் பார்த்ததும் ஒரு கணம் அவள் உடம்பு தூக்கிப்போடும். உடனே சமாளித்துக்கொண்டு, "டீ போடட்டா?" என்பாள். அந்த ஒரு கணத்தைத்தான் இரண்டு பேராலும் தாங்க முடியவில்லை. ஒரு நாள் ஆரம்பாக்கத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் போனவள் அங்கேயே இருந்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல அவனுக்கு மனம் வந்ததில்லை.

ஊரில் யாரும் அவனை ஒதுக்கிவைக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை வீடு தேடி வரும். கோயில் திருவிழாவில் அவனுக்கும் வேலை கொடுப்பார்கள். ஆனால் அவனிடம் பேசுகிறவர்கள் அவன் தோளைப் பார்த்துப் பேசுவார்கள், அல்லது அவன் படகைப் பார்த்துப் பேசுவார்கள். கல்யாணங்களுக்குப் போனால் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டு, போட்டோ எடுக்கிறவன் வருவதற்குள் திரும்பிவிடுவான். இரண்டு ஆள் வேண்டிய வலைத்தொழிலை விட்டுவிட்டு, ஒற்றை ஆளாகச் செய்யக்கூடிய நண்டு வலைக்கு மாறியிருந்தான். சில வாரங்களில் அவன் வாய் திறந்து பேசுவது மொத்தமாகப் பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான் இருக்கும்.

இந்த நிலையில்தான் அந்தப் பெயர் அவனைத் துரத்த ஆரம்பித்தது. துறையில், கடைத்தெருவில், பாலத்தின் மேல் போகிற ஷேர் ஆட்டோவிலிருந்து. ஒரு காலேஜ் பையன் வண்டியை நிறுத்தி, "அண்ணே, ஒரே ஒரு செல்ஃபி" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் எடுத்துக்கொண்டும் போனான். ஏன் என்று கண்ணப்பனுக்குப் புரியவில்லை.

அப்துல் ஹை பாயின் கடை முன்னால்தான் புரிந்தது. நோட்டுப் புத்தகமும் பேனாவும் விற்கிற கடை. கண்ணப்பன் டார்ச்சுக்கு பேட்டரி வாங்கப் போயிருந்தான். வாசலில் குறுக்கே கட்டிய கயிற்றில், துணி கிளிப் போட்டு, வண்ணப் புத்தகங்களைத் தொங்கவிட்டிருந்தார் பாய். காற்றில் ஒரு புத்தகம் திரும்பியது. அதன் அட்டையில் கண்ணப்பனின் முகம் இருந்தது.

நெற்றியில் இரண்டு கொம்பு. கண் இரண்டும் சிவப்பு. ஆனால் அந்த உதடு, அந்தக் காது, கழுத்தில் இரண்டாகப் பிரிந்து இறங்கும் தழும்பு எல்லாம் அவனுடையவை. தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிற அதே முகம். மேலே பெரிய எழுத்தில் "சுடரவன்" என்றும், கீழே "கொடுவாயனின் கோட்டை" என்றும் போட்டிருந்தது.

"இன்னா பாய் இது?"

அப்துல் ஹை அவசரமாகப் புத்தகத்தைக் கயிற்றிலிருந்து உருவி மேசைக்கு அடியில் வைத்தார். "அது பசங்க படிக்கிற படக்கதைப்பா. மெட்ராஸ்லேர்ந்து வருது. உனக்கு எதுக்கு அது?"

"குடு."

"கண்ணப்பா, நான் சொல்றத கேளு..."

"குடு பாய்."

பாய் கொடுத்தார். அவன் முகத்தை அவரும் பார்க்கவில்லை.

மறுநாள் நடுப்பகலில், வலையைப் போட்டுவிட்டு, ஏரிக்குள் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் படகை நிறுத்திக்கொண்டு கண்ணப்பன் அந்தப் புத்தகத்தைப் பிரித்தான். எட்டாவது வரை படித்தவன். எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டியிருந்தது. அது ஐந்தாவது புத்தகம். அதனால் முன்கதை பாதிதான் புரிந்தது. சுடரவன் என்பவன் பறக்கிறவன், நெஞ்சில் சூரியன் வரைந்த உடுப்புப் போட்டவன், நகரத்தைக் காப்பாற்றுகிறவன். கொடுவாயன் ராட்சசன். ஒரு பெரிய ஏரியின் அடியில் உப்பால் கட்டிய மாளிகையில் இருக்கிறான். வெளியே வந்து மனுஷர்களின் முகத்தைத் திருடுகிறான். அவன் கை பட்டால் கண்ணும் மூக்கும் வாயும் அழிந்து முகம் முட்டை ஓடு மாதிரி ஆகிவிடும். குழந்தைகளின் முகம் என்றால் அவனுக்கு ரொம்ப இஷ்டம்.

கண்ணப்பன் முதலில் படிப்பதை நிறுத்தினான். புத்தகத்தைத் தண்ணீரில் வீசிவிடலாமா என்று நினைத்தான். ஆனாலும் பக்கத்தைப் புரட்டினான். படகுகளை ரொம்பச் சரியாக வரைந்திருந்தார்கள். கழி ஊன்றுகிற விதம், வலையை மடித்து வைத்திருக்கிற விதம், எதிலும் பிழையில்லை. வரைந்த ஆள் யாராக இருந்தாலும் இந்த ஏரியைப் பார்த்த ஆள் என்று தெரிந்தது.

கடைசிக்கு முந்தின பக்கத்தில் சுடரவன் ராட்சசனை அடித்துத் துவைத்துவிட்டுப் பறந்துபோகிறான். அதற்கு அடுத்த படத்தில் ஒரு மணல்திட்டு. சுற்றிலும் தண்ணீர். திட்டின் நடுவில் கொடுவாயன் உட்கார்ந்து, அடிபட்ட தோளைத் தானே தடவிக்கொண்டிருக்கிறான். அந்தப் படத்தில் பேச்சு எதுவும் இல்லை.

கண்ணப்பன் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். வலையைத் தூக்க வேண்டிய நேரம் தாண்டிப்போனது.

ஊருக்குள் விஷயம் பரவியது. பக்கத்து வீட்டுப் பெருமாள் ஒரு நாள் வந்து வாசலில் நின்றான். "உன்ன புக்குல ராட்சசனா போட்டுகீறாங்களாமே? கேஸ் போடு கண்ணப்பா. பொன்னேரி கோர்ட்ல என் மச்சான் வக்கீலாண்ட கீறான்."

"இன்னானு போட சொல்ற?"

"உன் மூஞ்ச திருடிட்டாங்கனு."

"எடுத்துக்கினு போவட்டும் பெருமாளு. எனக்கே வாணாம் அது."

பெருமாள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுவிட்டுப் போனான்.

ஆனால் அடுத்த மாதம் ஆறாவது புத்தகம் எப்போது வரும் என்று கண்ணப்பன் அப்துல் ஹையிடம் இரண்டு முறை கேட்டான். வந்ததும் வாங்கினான். கொடுவாயனுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. அவன் ஜெயிக்க வேண்டும் என்றில்லை. அவனை ரொம்ப அடித்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

துறையில் பிள்ளைகளின் போக்கும் மாறியிருந்தது. முதலில் கத்திவிட்டு ஓடினவர்கள் இப்போது ஓடுவதில்லை. பக்கத்தில் வந்து நின்று, அண்ணாந்து, அவன் முகத்தை நேராகப் பார்த்தார்கள். காதைப் பார்த்தார்கள். உதட்டைப் பார்த்தார்கள். "அதே மாதிரியே கீதுடா" என்று வியந்தார்கள். இருபத்திமூன்று வருஷத்தில் அவனை யாரும் அப்படி முழுசாகப் பார்த்ததில்லை. கண்ணப்பன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூடைக்குள் இருந்த நண்டுகளையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

"ஒரு தபா உறுமிக் காட்டுங்க," என்றாள் ஒருத்தி. வெண்ணிலா என்று அவளை மற்றவர்கள் கூப்பிட்டார்கள். ஆறாவது படிக்கிறவள்.

"எனக்குத் தெரியாது கண்ணு."

"புக்குல உறுமுறீங்க இல்ல. அது மாதிரி."

அவன் மறுத்தான். அவர்கள் விடவில்லை. நாலு நாள் கழித்து, சுற்றுமுற்றும் பெரியவர்கள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, துண்டை எடுத்துவிட்டுக் கையிரண்டையும் தூக்கி ஒரு உறுமல் உறுமினான். தன் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருப்பது அவனுக்கே தெரியாது. பிள்ளைகள் வீறிட்டுக்கொண்டு படிக்கட்டில் ஏறி ஓடி, மேலே போய்ச் சிரித்து, மறுபடி இறங்கி வந்து "இன்னொரு தபா! இன்னொரு தபா!" என்றார்கள்.

அன்று வீட்டில் சோறு வடிக்கும்போது அதை நினைத்துக் கண்ணப்பனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடப்பக்கத் தோல் இழுத்து வலிக்கும். வலித்தது. அப்படியும் சிரித்தான்.

அதன்பிறகு அவன் தினமும் தவறாமல் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கே துறைக்கு வந்தான். இது ஒன்றரை மாதம் நடந்தது.

பொன்னேரிக்குப் போகிற பஸ்ஸில்தான் அது முறிந்தது. கண்ணில் நீர் வழிவது அதிகமாகிவிட்டதால் டாக்டரைப் பார்க்கக் கிளம்பியிருந்தான். பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, காற்றுக்காகத் துண்டைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தான். முன் இருக்கையில் ஒரு பெண், அவள் தோளில் நாலு வயதுப் பெண்குழந்தை. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை கண்ணைத் திறந்தது.

அது போட்ட சத்தத்தில் டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டார். குழந்தை இரண்டு கையாலும் தன் முகத்தை இறுக்கிப் பொத்திக்கொண்டது. "என் மூஞ்சி, என் மூஞ்சி" என்று அலறியது. மூச்சு இழுத்து, உதடு நீலமாகி, தாயின் தோளிலேயே வாந்தி எடுத்தது.

"மூடுய்யா! மூஞ்ச மூடு!" என்று அந்தப் பெண் கத்தினாள். "இவ அண்ணங்காரன் அந்தக் கருமம் புடிச்ச புக்க காட்டிட்டான். ஒரு மாசமா கண்ணாடிய தொட்டுத் தொட்டுப் பாக்குறா. மூஞ்சி கீதா, மூஞ்சி கீதானு கேக்குறா."

கண்டக்டர், "அவரு இன்னாமா பண்ணுவாரு?" என்று மெல்லச் சொன்னார். பக்கத்தில் இருந்த ஒருத்தி, "ஜமுனா, பின்னால வந்து உக்காரு," என்று அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து எழுப்பினாள். அதற்குள் கண்ணப்பன் இறங்கிவிட்டான். நெல்வயலுக்கு நடுவில் போன அந்த ரோட்டில் பஸ் போன பிறகு வேறு சத்தமில்லை. பழவேற்காட்டுக்கு நடந்தே திரும்பினான்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் நாலைந்து பெயர்கள் இருந்தன. அதுவரை அவன் அதைப் படித்ததில்லை. "ஓவியம்: மலீஹா" என்று இருந்தது. அப்துல் ஹையிடம் கொண்டுபோய் விரலை வைத்துக் காட்டினான்.

பாய் பெருமூச்சு விட்டார். "கைருன் பீவி பொண்ணுதான்பா. வீட்லேர்ந்தே கம்ப்யூட்டர்ல வரஞ்சு அனுப்புது."

கைருன் பீவியின் வீடு கண்ணப்பனுக்குத் தெரியும். மசூதிக்குப் பின்னால், உயரமான வாசற்படி வைத்த பழைய வீடு. ஒரு காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் அந்த வீட்டுக்கு நண்டு கொண்டுபோய்க் கொடுத்தவன். முகம் வெந்த பிறகும் ஒரு வருஷம்போலக் கொடுத்தான். அப்புறம் அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டான்.

கதவைத் திறந்தது கைருன் பீவிதான். தலை முழுக்க நரைத்திருந்தது. அவனைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"பீவிம்மா, நல்லாகீறீங்களா? பாப்பாவ பாக்கணும்."

ஒன்றும் கேட்காமல் உள்ளே அழைத்துப்போய் நாற்காலியைக் காட்டினாள். மாடியிலிருந்து மலீஹா இறங்கி வந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும். கையில் ஒரு பேனா இருந்தது. படி முடிகிற இடத்தில் அவனைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணப்பன் துண்டைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டான்.

"நான் இன்னாத்துக்கு வந்தேன்னு தெரியுமா பாப்பா?"

"தெரியும்ணே."

"தெரிஞ்சிதான் வரஞ்சியா? நான்னு?"

மலீஹா தாயைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கதை எழுதறவர் வேற ஆளு. ராட்சசன் எப்படி இருக்கணும்னு அவர் ஒண்ணும் எழுதல. பாத்தாலே பயம் வரணும்னு மட்டும் எழுதியிருந்தார். பயம்னு நெனச்சதும் எனக்கு உங்க முகம்தான் வந்துச்சு. சின்ன வயசுலேர்ந்து அதான் வருது. உங்களுக்குத் தெரிய வராதுன்னு நெனச்சேன். நீங்க இதெல்லாம் எங்க பாக்கப்போறீங்கன்னு..."

அவள் பொய் சொல்லவில்லை என்பது கண்ணப்பனுக்குப் புரிந்தது. திட்டுவதற்கென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் வரவில்லை. பஸ்ஸில் நடந்ததைச் சொன்னான். குழந்தை முகத்தைப் பொத்திக்கொண்டதைச் சொன்னான்.

"என்ன வுடு. எனக்குப் பழக்கம். அந்தக் கொழந்த எங்க என்ன பாத்தாலும் அப்டிதான் பண்ணும். நான் துறைக்கு வராம இருக்க முடியாது, பஸ்ல ஏறாம இருக்க முடியாது. நீ மூஞ்ச மாத்திடு பாப்பா."

"மாத்திடறேன். அடுத்த புத்தகத்துலயே மாத்திடறேன். மன்னிச்சிடுங்கண்ணே."

கைருன் பீவி டீ கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு அங்கே நிற்காமல் சமையலறைக்குள் போனாள். கண்ணப்பன் டீயை எடுத்தான். உதடு மூடாததால் கொஞ்சம் வழிந்தது. துண்டை விலக்கித் துடைத்தான். அப்போது மலீஹா முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்தவள் பார்வையை எடுக்கவில்லை.

"இந்தப் பக்கமா?" என்றாள்.

"இன்னாது?"

"இடப்பக்கம். நான் வலப்பக்கம்னு நெனச்சிருந்தேன். அப்படித்தான் வரஞ்சேன்."

கண்ணப்பன் யோசித்தான். தன் முகத்தை அவன் கண்ணாடியில் மட்டுமே பார்த்திருக்கிறான். கண்ணாடியில் இருப்பதுபோல் இருந்ததால்தான் அது சரியாக இருப்பதாக அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அவள் தன்னைச் சரியாகக்கூடப் பார்த்ததில்லை என்பது அவனுக்கு ஏனோ வருத்தமாக இருந்தது.

எழுந்து வாசல்வரை போனவன் நின்றான்.

"ஒண்ணு கேக்கட்டா பாப்பா? அவன் ஏன் யாராண்டயும் பேசறதே இல்ல?"

"யாரு?"

"கொடுவாயன். அடிக்கிறப்ப கத்துறான். மீதி நேரம் தண்ணிக்கடியில கம்முனு குந்திகினு கீறான். கூட ஒருத்தருமே இல்லியே."

"ராட்சசன்தானே..." என்றாள் மலீஹா.

"அவ்ளோ பெரிய மாளிக," என்றான் கண்ணப்பன். "சரி, வரேன்."

மலீஹா சொன்னபடி செய்தாள். அடுத்த புத்தகத்தில் சுடரவன் எறிந்த தீப்பந்து கொடுவாயனின் முகத்தை உடைத்துவிட்டது. அவன் இரும்பில் ஒரு முகமூடி செய்து போட்டுக்கொண்டான். வாய்கூட இல்லாத வழுவழுப்பான முகமூடி. கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அட்டையில் இருந்தவனைப் பார்த்துக் கண்ணப்பனுக்கே யாரோ என்றிருந்தது.

ஒரு வாரம், பத்து நாள் பிள்ளைகள் பழைய பழக்கத்தில் கூப்பிட்டார்கள். பிறகு குறைந்தது. அரைப்பரீட்சை வந்தது. அதற்குப் பின் அவர்கள் கையில் வேறு எதுவோ வந்திருந்தது. போனில் விரலால் தட்டி விளையாடுகிற ஏதோ ஒன்று. படிக்கட்டில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். கண்ணப்பன் கூடையை மெதுவாக இறக்குவான். இறக்கிய கூடையை மறுபடி சரி செய்வான். ஒருவரும் நிமிரவில்லை.

ஒரு நாள் அவனாகவே துண்டை எடுத்துவிட்டுக் கையைத் தூக்கி உறுமினான்.

பிள்ளைகள் திடுக்கிட்டு எழுந்தார்கள். புதிதாக வந்திருந்த ஒரு சின்னப் பையன் வெண்ணிலாவின் பின்னால் ஒளிந்தான். வெண்ணிலாதான் கண்ணப்பனுக்குப் பதில் சொன்னாள். சத்தம் போடவில்லை, சிரிக்கவில்லை. பெரியவர்களிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னாள்.

"அது பழசு, அங்கிள்."

கண்ணப்பன் கையை இறக்கினான். "ஆமா, ஆமா," என்றான். துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். கடைத்தெரு முனையில் வியாபாரி லோகநாதன், "இன்னா கண்ணப்பா, இன்னிக்கு நண்டு எப்டி?" என்று அவன் தோளைப் பார்த்துக் கேட்டார்.

மறுநாளிலிருந்து விடிகாலையிலேயே துறைக்கு வந்து போனான். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஏரிக்குள் இருந்தான். கேட்டது கிடைத்துவிட்டது, இனி பஸ்ஸில் அலறிய அந்தக் குழந்தை நன்றாகத் தூங்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அது உண்மைதான். ஆனாலும் படகில் தனியாக இருக்கும்போது, எங்கேயாவது யாராவது கூப்பிட்டார்களா என்று அவன் காது கேட்டுக்கொண்டே இருந்தது. முன்பெல்லாம் அப்படி இருந்ததில்லை.

தை பிறந்தபோது இரண்டு மாதமாகப் புத்தகம் வந்திருக்கவில்லை. அப்துல் ஹை கயிற்றையும் கழற்றிவிட்டிருந்தார். "நிறுத்திட்டாங்களாம்பா. போணி ஆவலயாம்," என்றார்.

"அவன் இன்னா ஆனான்?"

"யாரு?"

"ஒண்ணும் இல்ல பாய்."

அன்றே கைருன் பீவியின் வீட்டுக்குப் போனான். போகிற வழியெல்லாம், என்ன கேட்கப்போகிறோம் என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. பழைய முகத்தையே போட்டு இன்னும் ஒரு புத்தகம், ஒரே ஒரு புத்தகம் வரைய முடியுமா என்று கேட்கத்தான் போனான்.

மலீஹா வீட்டில் இல்லை. பெங்களூரில் வேலை கிடைத்துப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. கைருன் பீவி அதைச் சொல்லிவிட்டு, கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வா கண்ணப்பா. சாப்பிடுற நேரம்."

"வாணாம் பீவிம்மா. பொறவு வரேன்."

"வா. நான் தனியாத்தான் சாப்பிடணும். ரெண்டு நாளா அடுப்பே மூட்டல, இன்னிக்குத்தான் ஆக்கினேன்."

மேசையில் தட்டை வைத்துச் சோறு போட்டு மீன் குழம்பு ஊற்றினாள். கண்ணப்பன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தான். வழியாமல் சாப்பிட, சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து வலது கடைவாயில் வைக்க வேண்டும். அதை யார் முன்னாலும் செய்து அவனுக்குப் பழக்கமில்லை. அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

"அன்னிக்கு நீ வந்தப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல," என்றாள்.

அவன் கை தட்டிலேயே நின்றது.

"அவளுக்கு அஞ்சு வயசு. ஒரு வாய் சோறு உள்ள எறங்காது. எலும்பும் தோலுமா இருப்பா. டாக்டருங்கள்ளாம் பாத்தாச்சு. அப்பத்தான் நீ நெருப்புல வெந்துட்டு மறுபடி நண்டு கொண்டாந்த. உன்னப் பாத்ததும் என் முந்தானைக்குள்ள பூந்துக்கிட்டா. அன்னிலேர்ந்து... சாப்பிடலன்னா கண்ணப்பன் வருவான், உன் மூஞ்சியையும் அவன் மூஞ்சி மாதிரி ஆக்கிடுவான்னு சொல்லித்தான் ஊட்டினேன். வாசல்ல நிழல் ஆடினாக்கூட, பாரு வந்துட்டான்னு சொல்லுவேன். ரெண்டு வருஷம் அப்படித்தான் ஊட்டினேன். அவ வரஞ்சது அவளா வரஞ்சது இல்ல கண்ணப்பா. நான் சொல்லிக் குடுத்தது."

அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. கண்ணப்பன் தட்டைப் பார்த்தபடி இருந்தான். வெளியே தெருவில் யாரோ மீன் விற்றுக்கொண்டு போனார்கள். அந்தக் குரல் தெரு முனை திரும்பி மறைந்தது.

"கொழந்த சாப்ட்டுதா?" என்று கேட்டான்.

"சாப்பிட்டா."

"அப்ப சரி."

இன்னொரு உருண்டை பிடித்து வாயில் வைத்தான். கைருன் பீவி எழுந்து அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்து, கை கழுவி, வாசலில் நின்று "வரேன் பீவிம்மா" என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்துத் தலையசைத்தாள்.

படகை அவிழ்த்தபோது வாடைக்காற்று கிளம்பியிருந்தது. எதிர்க்காற்று. இடது கண்ணில் நீர் வழிய வழிய, துடைக்கக் கையெடுக்க முடியாமல், கழியை ஊன்றி ஊன்றித் தள்ளினான். தோணிரேவு போய்ச் சேர வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் அதிகமாயிற்று.